சாப்பாட்டக்கா

வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ் நிற்கும்போது இடப்பக்க ஜன்னல் ஓரம் நான் உட்காருவதில்லை. அந்தப் பக்கம் ஒரு ஓட்டல் இருக்கிறது. அதன் கல்லா மேஜைமேல், ஊதுவத்திக் குச்சிகளுக்கும் சோம்புக் கிண்ணத்துக்கும் நடுவில், என் அக்கா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

பீங்கான் பொம்மைதான். காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் குண்டுப் பெண். மடியில் இலை, இலையில் குவித்த சோறு, வாய்க்குப் பாதி வழியில் நிற்கும் வலது கை. எங்கள் விருத்தாசலத்தில் செய்தது. வியாபாரிகள் அதற்கு வைத்த பெயர் சாப்பாட்டக்கா. நவராத்திரி சமயத்தில் கொலுவுக்கு வாங்குகிறார்கள். ஓட்டல்காரர்கள் ராசி என்று வாங்குகிறார்கள். அது டெய்சி என்பது அவள் வேலை பார்த்த பட்டறைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான் தெரியும். வாங்குகிறவர்களுக்கு அது யாரோ ஒரு குண்டு பொம்பளை.

அவள் இறந்தது போன தவக்காலத்தில். பெரிய வெள்ளிக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது.

சின்ன வயதில் டெய்சி ஒல்லி. இதை நான் சொன்னால் பட்டறையில் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினாள். கோயில் மணி அடித்த பிறகு வீட்டை விட்டு ஓடி, பூசை தொடங்குவதற்குள் முன் வரிசையில் இடம் பிடித்துவிடுவாள். டோமினிக் மாமாவைக் கட்டிக்கொண்டபோது கல்யாணப் புடவை இடுப்பில் நிற்காமல் ஊக்குமேல் ஊக்காகக் குத்தியது எனக்கு நினைவிருக்கிறது. மாமா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பட்டறைகளிலிருந்து பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் ஏற்றிப்போவது அவர் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் அக்காவுக்கு கோவிந்தராசு முதலாளியின் பட்டறையில் வேலை கிடைத்தது.

முதலில் அவளைச் சுரண்டும் வேலையில் போட்டார்கள். பொம்மையை இரண்டு பாதி அச்சுகளுக்குள் மண்கூழ் ஊற்றி எடுப்பார்கள். பாதிகள் சேரும் இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். காய்ந்த பிறகு அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டினால் மாவுபோலத் தூள் பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் புருவமும் காது மடலும் வெள்ளையாக இருக்கும். கொஞ்ச வருடத்தில் இருமல் வந்தது. பிறகு இழுப்பு. படி ஏறினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம்.

அந்தப் பட்டறைப் பெண்களிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. மெடிக்கலில் போய் “மூச்சு மாத்திரை” என்று கேட்டால் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டு கேட்பதில்லை. காலையில் டீயோடு ஒன்று போட்டால் அன்றைக்கு மூச்சு லேசாகிவிடும். உடம்பு வலியும் தெரியாது. அக்கா அதைப் போட ஆரம்பித்தாள். இழுப்பு நின்றது. நன்றாகப் பசித்தது. மூச்சுக்கு உட்கார்ந்த வேலை நல்லது என்று முதலாளி அவளைப் பெயிண்ட் அடிக்கும் மேஜைக்கு மாற்றினார். பொம்மைக்குக் கண் எழுதுவது அவள் வேலையாயிற்று. அதில் அவளுக்கு நல்ல கை.

அதற்குப் பிறகுதான் அவள் ஊதினாள். முகம்தான் முதலில். கன்னம் இரண்டும் காதுவரை பரவி, கண்கள் உள்ளே போயின. பிறகு வயிறு. கழுத்துக்குப் பின்னால் ஒரு சதைத் திண்டு எழும்பியது. ரவிக்கை தைப்பவள் அதற்காகவே கழுத்தை இறக்கி வெட்டுவாள்.

அவள் சாப்பிடவும் செய்தாள். அதை நான் மறைக்கப்போவதில்லை. மத்தியானம் பட்டறையில் பெண்கள் வட்டமாக உட்காரும்போது அவள் டப்பாதான் பெரிது. அது தீர்ந்த பிறகும் பக்கத்து டப்பாவைப் பார்ப்பாள். “பசிக்குது ஜெனி. தின்னுட்டுக் கை கழுவும்போதே பசிக்குது” என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமாவின் அக்கா ஜெயமேரி, விருந்துக்கு வந்த இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது இது: “எங்க தம்பி வூட்ல அரிசி மூட்டைக்கு எலித்தொல்லையே இல்ல. அதுக்கு முன்னாடி இவ முடிச்சிடறா.” எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். தன்னைப் பற்றிய கேலிக்கு முதல் சிரிப்பு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

பட்டறையில் புதுப் பொம்மைகளுக்கு முதல் உருவம் செய்கிறவர் பழமலை. அச்சு எடுப்பவரும் அவரே. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே ஓர் ஆள் இல்லாமல் அவருக்குச் செய்ய வராது. போலீஸ் பொம்மை செய்ய பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். பூக்காரி பொம்மைக்குப் பழமலைநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்தார். கொலுவுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று முதலாளி கேட்ட வருடம், அவர் எங்கும் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வட்டத்துக்கு எதிரே தன் களிமண்ணோடு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அதை முதலில் பார்த்தது தன் மேஜையில்தான். சூளையிலிருந்து வந்த பொம்மைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளையாக, கண் இல்லாமல், வரிசையாக அவளே. பக்கத்து மேஜை அம்சவல்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்ததாம். அக்கா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, பொம்மையின் இடது மோவாயில் ஒரு புள்ளி வைத்தாள்.

“மச்சத்த வுட்டுட்டீங்களே பழமலண்ணே.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று என்றாள் அம்சவல்லி. அன்று தொடங்கி ஒவ்வொரு சாப்பாட்டக்காவுக்கும் அக்காவே கண் எழுதினாள், அக்காவே மச்சம் வைத்தாள்.

பொம்மை நன்றாக விற்றது. ஒரே ஒரு குறை சொன்னார்கள். முதலாளி அதைப் பழமலையிடம் வந்து சொன்னார்: ஆள் இத்தனை குண்டாக இருக்கும்போது கையும் காலும் குச்சி மாதிரி இருக்கிறதே, கடைக்காரர்கள் கேட்கிறார்கள், கொஞ்சம் சதை ஒட்டிவிடு. பழமலை முடியாது என்றுவிட்டார். அவளுக்கு அப்படித்தான் இருக்கிறது, பார்த்ததைத்தான் செய்தேன் என்றார்.

வேப்பூர் ஓட்டலுக்கு ஒருநாள் நாங்கள் போனோம். மாமா சரக்கு இறக்கப் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டார். அக்கா ஒரு டீ மட்டும் கேட்டாள். கல்லாவில் இருந்தவர் அவளைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். சர்வர்களைக் கூப்பிட்டார். கேட்காமலே இரண்டு பரோட்டா வந்தது, காசு வேணாம், வூட்டுக் கணக்கு என்று சொன்னார்கள். பொம்மையை அவள் பக்கத்தில் வைத்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா பரோட்டாவைப் பிய்த்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, பொம்மை மாதிரியே உட்கார்ந்தாள். லாரி டிரைவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் முந்தானையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள். வெயில் இல்லை.

மறுநாள் அவள் அச்சு அறைக்குப் போனாள். அந்த அறையை நானும் பார்த்திருக்கிறேன். பலகைகளில் வெள்ளை அச்சுகள் திறந்து கிடக்கும். முகம் வெளியே துருத்தாமல் உள்ளே குழிந்திருக்கும். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் குழி தெரியாது, முகம் துருத்திக்கொண்டிருப்பதுபோலத்தான் தெரியும். நாம் நடந்தால் அதுவும் நம் பக்கம் திரும்பும். முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். அக்கா தன் முகம் தன்னையே பார்த்துத் திரும்பும் அந்த அறையில் நின்று, அச்சை உடைத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வேடிக்கையாகக் கேட்கவில்லை.

பழமலை கைச் சாந்தைத் துடைத்துக்கொண்டாராம். பிறகு சொன்னார்: “நீ எளைச்சிக் காட்டு. ஆளு மாறிப் போச்சின்னா அந்த அச்சு பொய்யி. பொய்யான அச்ச நான் வச்சிக்கினு இருக்க மாட்டன். மொதலாளி இன்னா சொன்னாலும் என் கையால ஒடைக்கிறன்.”

“சத்தியமா?”

“என் தொழில் மேல.”

அவள் அதை என்னிடம் வந்து சொன்னபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது. இவ்வளவு நாள் டாக்டர்கள் சொன்னதற்கும், ஜெயமேரி சொன்னதற்கும், எடை மிஷின் சொன்னதற்கும் இளைக்கத் தோன்றவில்லை. ஓர் அச்சு உடைய வேண்டும் என்பதற்காக இளைக்கத் தோன்றியது. ஈஸ்டருக்குள் என்று நாள் குறித்துக்கொண்டாள்.

திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வழக்கத்தில் அன்று தொடங்கி ஈஸ்டர்வரை நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் தனக்குப் பிரியமான ஒன்றை விட்டுவிடுவோம். கறியை விடுவார்கள், டீயை விடுவார்கள், சிலர் சீரியலை விடுவார்கள். அன்றைய பூசையில் வாசிக்கும் சுவிசேஷம் எல்லா வருடமும் ஒன்றுதான். நோன்பு இருக்கும்போது முகவாட்டமாக இருக்காதே, தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு, நீ நோன்பு இருப்பது மனிதருக்குத் தெரிய வேண்டாம். டெய்சி வேதத்தை வார்த்தை பிசகாமல் எடுத்துக்கொள்கிறவள். ஒருவேளைச் சாப்பாடு என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது, அதை ஒளிக்க முடியாது. இன்னொன்றையும் விட்டிருந்தாள். அதை யாருக்கும் சொல்லவில்லை.

நன்றாக இளைத்தாள். அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. வாரத்துக்கு வாரம் கன்னம் வடிந்தது. கோயிலில் பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்தி, “இன்னாடி டெய்சி, பாதி ஆளக் காணோம்” என்றார்கள். பங்குச் சாமியார்கூட மனவுறுதிக்கு உதாரணமாக அவளைக் கைகாட்டினார். ஜெயமேரி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, “வாயக் கட்டினா எல்லாம் கட்டுப்படும்னு நான் அப்பவே சொல்லல?” என்று தன் பேச்சுக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டாள். பழமலை தினமும் அவள் மேஜைப் பக்கம் வந்து ஓரக்கண்ணால் அளந்துவிட்டுப் போவாராம். “சுத்தியல தேட ஆரம்பிச்சிட்டன்” என்பாராம்.

அவளுக்குத் தலை சுற்றியது. எழுந்தால் கண் இருட்டியது. மூட்டெல்லாம் வலித்தது. இழுப்பு திரும்ப வந்தது, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். அந்த ஒருவேளைச் சோறும் சிலநாள் வெளியே வந்தது. நோன்பு என்றால் அப்படித்தான் என்றாள். முகம் கழுவி, எண்ணெய் தேய்த்து, பூ வைத்துக்கொண்டு சிரித்தாள். சுவிசேஷம் சொன்னபடி.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை லேசாகக் காய்ச்சல் இருந்தது. படுத்திரு என்று மாமா சொன்னார். சிலுவைப்பாதையை விடமாட்டேன் என்று வந்தாள். ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைச் சொல்லும் பதினான்கு தலங்கள், ஒவ்வொரு தலத்துக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பெஞ்சைப் பிடிக்காமல் முழங்காலிட்டாள், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற தலத்தில் அவள் எழவில்லை. முதலில் பக்தி என்று நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. வேலையில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். அவள் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். கையைத் தூக்கிப் பார்த்தார், புடவையை விலக்கிக் காலைப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். மாமா மூச்சு மாத்திரை என்றார். எப்போது நிறுத்தினார் என்று டாக்டர் கேட்டார். நிறுத்தவில்லையே என்றார் மாமா. செய்தி கேட்டு வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்ற அம்சவல்லிதான் முன்னால் வந்தாள். கையில் காகிதப் பொட்டலம்.

“சாம்பல் புதன் அன்னிக்கே எங்கிட்ட குடுத்துட்டாங்க சார். இதான் ஒடம்ப ஊத வைக்குதாம், போன்ல பாத்தாங்களாம். நோம்பு முடியற வரைக்கும் நீ போட்டுக்கோ, யார் கிட்டயும் சொல்லாதன்னாங்க.”

டாக்டர் உடனே ஊசி போட்டார். பாண்டிச்சேரிக்கு அனுப்ப வண்டி கேட்டார். வண்டி வந்து நின்றபோது அவளை ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அது ஸ்டீராய்டு மாத்திரை. தொடர்ந்து போட்டால் முகமும் வயிறும் கழுத்தும் ஊதும், கை கால் சதை கரையும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துவிடும். பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாமே தவிர, சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டுப் பட்டினியும் காய்ச்சலும் சேர்ந்தால் உடம்புக்குத் தாங்க ஒன்றுமிருக்காது.

மாமா கேட்டார்: “அப்ப அவ தின்னதால இல்லிங்களா?”

“தின்னாங்க. அந்த மாத்திர பசியக் கெளப்பிக்கிட்டே இருக்கும். பசிச்சா மனுசன் திங்கத்தான செய்வான்?”

அம்சவல்லியை அவர் வெளியே விடவில்லை. அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவளும் எத்தனையோ வருடமாக அதைத்தான் போடுகிறாள். அவள் கன்னங்களும் லேசாக உருள ஆரம்பித்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். உடனே நிறுத்தாதே, நாளைக்கு வந்து என்னைப் பார் என்று அவளிடம் இரண்டு முறை சொன்னார். அவள் போய்ப் பார்க்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குள் செய்தி பரவிவிட்டது. நேற்றுவரை தீனிப்பண்டாரம் என்றவர்கள், “பாவம், நோயாமே” என்றார்கள். ஜெயமேரி பெட்டிமேல் விழுந்து அழுதாள். அந்த அழுகை நிஜம்தான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. மாத்திரை இல்லாமல், வெறும் பசியாலோ, பிறவி உடம்பாலோ, வீட்டுக் கவலையில் தின்றோ அவள் அப்படி ஊதியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அரிசி மூட்டைக் கதையை அடக்கத்தன்றும் சொல்லியிருப்பார்களா? நோய் என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் மேல் இரக்கப்படலாம் என்றால், அது இரக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பசி அவளுடையது, மாத்திரை அவள் வாங்கியது, நோன்பு அவள் எடுத்தது. எதில் அவள் இஷ்டம் முடிந்து நோய் ஆரம்பித்தது என்று கோடு போட முயன்று பார்த்தேன். எனக்குப் போட வரவில்லை.

பெட்டிக்குள் அவள் கழுத்தெலும்பு தெரிந்தது. பழமலை அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அச்சை உடைக்கப்போகிறேன், வூட்டு மனுஷர் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது என்றார். மாமாவால் முடியவில்லை. நான் போனேன்.

அச்சு அறையில் அவர் மேலே போட்டிருந்த சாக்கை எடுத்தார். அக்காவின் முகம் என் பக்கம் திரும்பியது. நான் வாசலிலிருந்து பலகைவரை நடந்தேன். கூடவே திரும்பி வந்தது.

நான் டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். நிலாபோல் உருண்ட முகம், கழுத்துத் திண்டு, குச்சிக் கைகள், குச்சிக் கால்கள். அவள் நோய் முழுவதும் அந்த அச்சில் இருந்தது. ஊரே பார்த்துச் சிரித்த பொம்மையில் அது வெளிப்படையாகத்தான் இருந்தது. இதை உடைக்காமல் வைத்திருக்கலாமே அண்ணே, அவள் தின்று சாகவில்லை என்று சொல்ல இது ஒன்றுதானே இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் அச்சின் கைப்பள்ளத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். தான் செய்ததைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இவ்ளோவும் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது பாரும்மா. இன்னான்னுதான் தெரியல.” பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு சொன்னார்: “அவ எளைச்சிக் காட்டிட்டா. நான் சொன்னத நான் செய்யணும்.”

உடைய வேண்டும் என்று கேட்டவள் அவள். அதற்காகத்தான் பட்டினி கிடந்தாள். வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதுகுப் பாதியை அவர் ஒரே அடியில் உடைத்தார். பழைய சாந்து, மழுங்கிய சத்தம். முகப் பாதியை எடுத்தவர் சுத்தியலை ஓங்கிக்கொண்டு நின்றார், கை இறங்கவில்லை. அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது அவரைப் பார்த்தது. கடைசியில் அதைக் குப்புறக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டுவிட்டு அடித்தார்.

முதலாளி கோபப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் அப்புறம் தெரிந்தது. அவர் எப்போதோ ஒரு பொம்மையை வெளியே கொடுத்து, கைக்கும் காலுக்கும் சதை ஒட்டிப் புது அச்சு எடுத்து வைத்திருந்தார். கடைக்காரர்கள் கேட்டபடி. இப்போது வருவதெல்லாம் அதிலிருந்துதான். கண் எழுதுவது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மச்சத்தை வலது பக்கம் வைக்கிறாள்.

அக்கா கண் எழுதின ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மாமா அதை மாதா படத்துக்குக் கீழே வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் நேராகத் திருப்பிவிட்டு வருகிறேன். அடுத்த முறை போகும்போது மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

போன வாரம் வேப்பூரில் பஸ்ஸில் கூட்டம். இடப்பக்கம்தான் இடம் கிடைத்தது. ஓட்டல் கல்லாவில் பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பொம்மை வைத்திருந்தார்கள். கை கால் எல்லாம் உருண்டு திரண்டு, பார்க்கப் பொருத்தமாக, தின்று கொழுத்தவள்போலவே இருந்தாள். ஒரு குழந்தை அதைக் காட்டிச் சிரித்தது. அப்பா குழந்தையைத் தூக்கிப் பக்கத்தில் காட்டினார். பஸ் நகர்ந்தது. நான் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அது திரும்பவில்லை.